படக்குறிப்பும் பாட்டின் அடிக்குறிப்பும்



இத்தொடரில் செய்யுளையும் அதற்கெழுந்த உரையையும் பற்றியே வழக்கமாகப் பேசுவோம். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு புகைப்படம். அதுவும் நமது ஊர்ப் படமன்று. இரண்டாவது உலக மகாயுத்தத்தின் கடைசிக் கட்டத்திலே, 1944 ஆம் ஆண்டு யூலை மாதம் 15 ஆம் திகதி, கிழக்குப் பிரஷ்யாவின் காடொன்றினுள் எடுக்கப்பட்ட ஜேர்மன் இராணுவ அதிகாரிகளின் படம். வானொலியிலே படத்தைக் காட்ட முடியாது. சொற்களால் காட்டப் பார்க்கிறேன். இதனைப் பத்திரிகையிலே வாசிப்பவர்களும் பெரும்பாலும் படமின்றியே வாசிப்பார்கள். அது ஒரு வகையில் நல்லது. ஏன் என்பது போகப் போக விளங்கும்.

இந்தப் படம் என் கைக்கு வந்தது சரித்திரம் படிப்பதற்காக அன்று. உயர்தர வகுப்பு மாணவருக்கு மெய்ப்பாடு என்றால் என்ன என்று விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. உள்ளத்திலே தோன்றும் உணர்ச்சி உடம்பிலே வெளிப்பட்டுக் காண்போருக்குப் புலனாவதே மெய்ப்பாடு என்று நாம் சொல்லிக் கொடுக்கிறோம். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டையும் பிள்ளைகள் ஒப்புவிப்பார்கள். ஆனால் ஒரு முகத்தைக் காட்டி, இதில் எது இருக்கிறது என்று கேட்டால் விழிப்பார்கள். ஆகவே ஒரு முகத்தைக் கொடுத்து எழுதச் சொல்வோம் என்று எண்ணினேன். ஆங்கிலச் சரித்திர நூலொன்றிலிருந்த படத்தைப் போட்டோக் கொப்பி எடுத்தேன். அதன் கீழேயிருந்த குறிப்பை வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்துவிட்டே கொப்பி எடுத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

படம் இதுதான். வெளியிடம். சீருடை அணிந்த சிலர் நிற்கிறார்கள். நடுவே ஒருவர் மற்றொருவருக்குக் கை கொடுக்கிறார். கை கொடுப்பவர் யார் என்பதை மீசையைக் கொண்டே வகுப்பு முழுவதும் கண்டுபிடித்துவிட்டது. ஹிட்லரின் முகத்தை மறைத்தாலன்றி அடையாளத்தை மறைக்க இயலாது. வலப்புறத்தில் மூத்த தளபதி ஒருவர் நிற்கிறார். இடப்புற ஓரத்திலே உயர்ந்து மெலிந்த அதிகாரி ஒருவர் கம்பம் நட்டாற்போல விறைப்பாக நிற்கிறார். அவ்வளவுதான். எவரும் ஓடவில்லை, எவரும் சுடவில்லை. அலுவலகமொன்றின் முன்னால் மேலதிகாரி வந்திறங்கும்போது நடப்பதுதான் அங்கும் நடக்கிறது.

“இடப்பக்கம் நிற்பவருடைய மெய்ப்பாடு யாது? ஏழெட்டு வரிகளில் எழுதுக” என்றேன்.

எழுதினார்கள். பெரும்பாலோர் பணிவு என்று எழுதியிருந்தார்கள். பணிவு எட்டில் ஒன்றல்லவே என்று கேட்டதற்கு, பெருமிதம் என்று சிலர் மாற்றிக்கொண்டார்கள். தலைவன் முன்னே நிற்கக் கிடைத்த பெருமை என்பது அவர்களது வாதம். இரண்டு பேர் அச்சம் என்றார்கள். ஒருவன் மட்டும், “இவருக்கு ஒண்டும் இல்லை சேர், வெயிலில நிண்டு களைச்சுப் போனார்” என்றான். வகுப்பு சிரித்தது.

பிறகு ஒட்டியிருந்த தாளின் கதையைச் சொன்னேன்.

இடப்புறத்தில் நிற்பவர் கேணல் கிளவுஸ் ஷெங்க் கிராப் ஃபொன் ஸ்டவுபன்பேர்க். 1907 இல் பிறந்தவர். பிரபு குடும்பத்தவர். இளமையில் ஜேர்மன் கவிஞர் ஸ்டெஃபான் கேயோர்கேயின் அணுக்கத் தொண்டர் குழுவிலே சகோதரரோடு சேர்ந்திருந்தவர். அந்தக் கவிஞர் 1933 இறுதியில் சுவிட்சர்லாந்தில் இறந்தபோது இரவிலே விழித்திருந்து உடலைக் காத்தவர்களில் ஒருவர். (கவிதைக்கும் வெடிகுண்டுக்கும் என்ன உறவு என்று கேட்பவர்கள் இந்த வாழ்க்கையைச் சற்று ஆராய்ந்து பார்க்கலாம்.) 1943 ஏப்ரல் 7 இல் டியூனிசியாவிலே விமானத் தாக்குதலில் இடது கண்ணையும், வலது கையை மணிக்கட்டோடும், இடது கையில் இரண்டு விரல்களையும் இழந்தவர். எனது மங்கலான கொப்பியிலே இவற்றுள் எதுவும் தெரியவில்லை. படத்திலே முழு உடம்போடு விறைப்பாக நிற்பவராகவே மாணவர் அவரைக் கண்டார்கள். எஞ்சியிருந்தவை மூன்றே மூன்று விரல்கள்.

1944 யூலை முதலாந் திகதி அவர் உள்நாட்டுப் பதிற்படையின் தளபதிக்குப் பிரதம அலுவலராக அமர்ந்தார். அப்பதவியினால் ஹிட்லரின் இராணுவ ஆலோசனைக் கூட்டங்களுக்குள் நுழையும் வாய்ப்புக் கிடைத்தது. ஹிட்லரைக் கொன்று ஆட்சியைக் கைப்பற்றத் திட்டமிட்டிருந்த அதிகாரிகள் குழுவிலே, அவருக்கு அத்தனை அருகிற் செல்லக்கூடியவராக அப்போது வாய்த்தவர் இந்த ஒற்றைக் கண்ணர்தான். யூலை 11 இல் வெடிமருந்தோடு சென்றார், வெடிக்க வைக்கவில்லை. யூலை 15 இல் ராஸ்டென்பேர்க்கை அடுத்த ‘ஓநாய்க் குகை’ எனப்படும் முகாமுக்கு மீண்டும் வெடிமருந்தோடு வந்தார். நமது படம் அன்றைய தினத்தது. அன்றும் வெடிக்கவில்லை. ஹிட்லரோடு ஹிம்லரும் கூட்டத்தில் இருந்தால்தான் காரியம் முழுமை பெறும் என்ற எண்ணம் குழுவினருள் இருந்தது, அவரோ அங்கில்லை என்பது சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. பேர்ளினில் இருந்தவர்கள் காரியம் நடந்துவிடும் என்று நம்பி முன்கூட்டியே படைகளுக்கு ஆயத்தக் கட்டளை கொடுத்துவிட்டார்கள். பின்னர் அதனை ஒத்திகை என்று சொல்லிச் சமாளிக்க வேண்டி வந்தது.

ஐந்து நாள் கழித்து, யூலை 20 ஆம் திகதி நண்பகல் 12.42 மணிக்கு, அதே முகாமிலே அவர் வைத்த குண்டு வெடித்தது. கொண்டுவந்த இரண்டு பொதிகளில் ஒன்றையே ஆயத்தம் செய்ய அவருக்கு அவகாசம் கிடைத்தது. பையை வைத்துவிட்டு வெளியேறினார். அவர் வைத்த இடத்திலிருந்து அப்பை மேசையின் தடித்த மரக்காலுக்கு அப்பால் நகர்த்தப்பட்டது என்பர். கூட்டம் மரக் கொட்டகையிலே நடந்தது. யன்னல்கள் திறந்திருந்தன. ஹிட்லர் சிறு காயங்களோடு தப்பினார். நான்கு பேர் இறந்தார்கள். அன்று நள்ளிரவு கடந்ததும் பேர்ளினிலே இராணுவத் தலைமைக் கட்டடத்தின் முற்றத்தில் ஸ்டவுபன்பேர்க்கும் வேறு மூன்று அதிகாரிகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

இவ்வளவும் சொல்லி முடித்து, “இப்போது திரும்ப எழுதுங்கள்” என்றேன்.

நேயர்களே, அந்த இரண்டாம் முறை எழுதப்பட்ட விடைகளை நான் இன்றும் வைத்திருக்கிறேன். பணிவு என்று எழுதியவன் வெகுளி என்று எழுதினான். அச்சம் என்றவன், அச்சத்தை வென்ற பெருமிதம் என்றான். ஒருவன் அவருடைய உதட்டிலே உறுதியைக் கண்டான். மற்றொருவன் கண்ணிலே கனலைக் கண்டான். எனது கொப்பியிலே கண் என்று சொல்லத்தக்கதாகக் கறுப்புப் பொட்டொன்றைத் தவிர வேறெதுவும் இருக்கவில்லை. மொழிநடை நன்றாக இருந்தது. நான் புள்ளிகளும் போட்டேன். வெயிலில் களைத்துப் போனார் என்று சொன்ன பையன் மட்டும் தாளை மடித்து வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தான்.

“ஏன் தம்பி, எழுதவில்லையா?”

“மாத்தி எழுத என்ன இருக்குது சேர்? படம் மாறேல்லைத்தானே. நீங்கள் சொன்ன கதைதான் மாறினது.”

பயிற்றப்பட்ட பட்டதாரி ஆசிரியன் நான். விரிவுரைகள் பல கேட்டவன். அந்தப் பையனுக்கு உடனே விடை சொல்ல என்னால் முடியவில்லை. அன்று மாலை வீட்டிலே இருந்து யோசித்ததன் பயனே இக்கட்டுரை எனலாம்.

படம் பொய் சொல்லாது என்று நம்மில் பலர் நம்புகிறோம். படம் பொய் சொல்லாது என்பது சரிதான். ஆனால் அது எதனையும் சொல்லுவதுமில்லை. அது காட்டுகிறது. சொல்லுவது அதன் கீழே இருக்கிற வரி. இந்த உண்மையைத் தமிழ் படித்தவர்கள் ஐரோப்பியரிடம் போய்க் கற்க வேண்டியதில்லை. புறநானூற்றை விரித்துப் பாருங்கள். ஒவ்வொரு பாட்டின் கீழும் ஓர் அடிக்குறிப்பு உண்டு. திணை இன்னது, துறை இன்னது, பாடியவர் இன்னார், பாடப்பட்டவர் இன்னார் என்று அது கூறும். உ. வே. சாமிநாதையர் 1894 இல் புறநானூற்றை அச்சிட்டபோதும் இக்குறிப்புகளோடுதான் அச்சிட்டார். இவை பாடலாசிரியர் எழுதியவையல்ல, பிற்காலத்தில் தொகுத்தவர்களால் சேர்க்கப்பட்டவை என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. அந்தக் குறிப்பை விரலால் மறைத்துக்கொண்டு சில பாட்டுக்களைப் படித்துப் பாருங்கள். யார் யாரைப் பார்த்துப் பேசுகிறார், புகழ்கிறாரா இடித்துரைக்கிறாரா என்பதே மயங்கும். விரலை எடுத்தவுடன் எல்லாம் தெளிவாகிவிடும். அந்தத் தெளிவு பாட்டினுள் இருந்து வந்ததா, குறிப்பிலிருந்து வந்ததா என்று பிரித்துக் காண்பது இலகுவன்று. சில பாட்டுக்களுக்குப் பெயர் கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட இடங்களில் நல்ல உரையாசிரியன் பாட்டு எவ்வளவு சொல்லுகிறதோ அவ்வளவோடு நின்றுகொள்வான். மற்றவன் கதை கட்டுவான்.

அப்படியானால் குறிப்பில்லாத படத்திலே வாசிப்பதற்கு எதுவுமே இல்லையா? இருக்கிறது. ஆனால் நமது பிள்ளைகள் தேடிய இடத்தில் இல்லை. முகத்தில் இல்லை.

நெடுநல்வாடையைப் பற்றி எல்லாருக்கும் தெரிந்த ஒரு வழக்கு உண்டு. தலைவனைப் பிரிந்து வாடும் தலைவியின் துயரத்தைச் சொல்லும் பாட்டு அது. அகம் என்றே கொள்ளத்தக்கது. ஆனால் பாசறையிலே வேலொன்றின் தலையிலே வேப்பந்தார் கட்டியிருப்பதாக ஓரிடத்தில் வருகிறது. வேம்பு பாண்டியனுக்கு அடையாளப் பூ. அந்த ஒரு பூவினால் தலைவன் இன்னான் என்பது சுட்டப்பட்டுவிட்டது, ஆகவே இது புறமாயிற்று என்பது நச்சினார்க்கினியர் முடிபு. 188 அடிப் பாட்டின் சாதியை ஒரு வேப்பம்பூ மாற்றிவிட்டது. அரண்மனையின் அழகையோ அரசியின் கண்ணீரையோ அவர் சான்றாகக் கொள்ளவில்லை. படையின் சின்னத்தைக் கொண்டார்.

ஜேர்மன் இராணுவப் படங்களை வாசிப்பவர்கள் செய்வதும் இதுவே. கழுகுச் சின்னம் வலது மார்பிலே இருந்தால் அவர் தரைப்படையினர், விமானப்படையினர் அல்லது கடற்படையினர். இடது கையின் மேற்புறத்திலே இருந்தால் ஹிம்லரின் எஸ்.எஸ். படையினர். தோளிலே பின்னல் வேலைப்பாட்டின்மேல் இரண்டு நட்சத்திரங்கள் இருந்தால் கேணல். குறுக்காக இரண்டு கோல்கள் இருந்தால் பீல்ட் மார்ஷல். கடற்படையினர் என்றால் சட்டைக் கையின் நுனியிலே பொன்னிற வளையங்கள். காற்சட்டையின் பக்கத்திலே அகன்ற கோடுகள் ஓடினால் அவர் தளபதி, அல்லது தலைமை அலுவலகத்துப் பயிற்சி பெற்றவர். கறுப்பு வெள்ளைப் படத்திலே அந்தக் கோடுகளின் சிவப்புத் தெரியாது. கோடு தெரியும். இவை எல்லாம் வேப்பம்பூக்கள். ஒருவர் யார் என்பதைச் சொல்லும். அவர் என்ன நினைக்கிறார் என்பதைச் சொல்லமாட்டா.

கையும் ஒரு சான்றுதான். சீருடைத் தொப்பி அணிந்த ஜேர்மன் தரைப்படையினர் தமது பரம்பரை வழக்கப்படி கையைத் தொப்பியின் விளிம்புக்கு உயர்த்தியே வணக்கம் செலுத்தி வந்தார்கள். குண்டு வெடித்துச் சில நாட்களுக்குள், 1944 யூலை 24 இல், அந்த வழக்கம் நீக்கப்பட்டது. இனிமேல் எல்லாரும் கையை நீட்டி நாஜி முறையில்தான் வணங்க வேண்டும் என்று கட்டளை பிறந்தது. ஆகவே திகதி தெரியாத படமொன்றிலே தொப்பி அணிந்த தரைப்படை அதிகாரி ஒருவர் பழைய முறையில் வணங்கி நின்றால், அது பெரும்பாலும் அந்தக் கட்டளைக்கு முந்திய படம் என்று ஊகிக்கலாம். ஸ்டவுபன்பேர்க்கின் குண்டு ஹிட்லரைக் கொல்லவில்லை. ஆனால் அதற்குப் பின் எடுக்கப்பட்ட படங்களிலெல்லாம் படையினரின் கையை அது மாற்றிவிட்டது. மெய்ப்பாட்டைத் தேடினால் இந்தக் கையிலே தேடலாம் போலிருக்கிறது. ஆனால் அது அவரவர் உள்ளத்தில் தோன்றிய மெய்ப்பாடன்று. கட்டளையினால் தோன்றியது.

சரி, படக்குறிப்பையே நம்பலாமா? அதையும் சற்றுப் பார்ப்போம்.

குறிப்பிலே இரண்டு வகைச் சொற்கள் உண்டு. பெயர் ஒன்று, அடைமொழி மற்றொன்று. “கேணல் ஸ்டவுபன்பேர்க், 1944 யூலை 15” என்பது 1944 இலும் இன்றும் மாறாத செய்தி. ஆனால் அந்தப் பெயருக்கு முன்னால் எந்தச் சொல்லைப் போடுவது? 1944 இலே நாஜி அரசு போட்ட சொல் துரோகி என்பது. யுத்தம் முடிந்ததும் அச்சொல் அழிந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். ஹிட்லருக்குச் சத்தியம் செய்த படைவீரன் அவரைக் கொல்ல முயன்றது குற்றம் என்று எண்ணிய ஜேர்மானியர் ஏராளமாக இருந்தார்கள். பேர்ளினில் அந்தக் கிளர்ச்சியை அடக்கிய ஒட்டோ ஏர்ன்ஸ்ட் ரேமர் என்ற அதிகாரி 1951 இல் மேடையேறி அவர்களைத் தேசத்துரோகிகள் என்றார். பிறவுன்ஷ்வைக் நகர நீதிமன்றத்திலே 1952 மார்ச்சில் அவர்மீது வழக்கு நடந்தது. வழக்கை நடத்தியவர் ஃபிரிட்ஸ் பவுவர், நாஜிகளால் சிறையிடப்பட்டு நாட்டைவிட்டுத் தப்பியோடித் திரும்பி வந்த யூதர். ரேமருக்கு மூன்று மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 1955 இல் அந்த முற்றம் இருக்கும் வீதிக்கே ஸ்டவுபன்பேர்க்கின் பெயர் வைத்தார்கள். பதினொரு ஆண்டுகளுக்குள் துரோகி தியாகி ஆனார். இந்த இரண்டு சொற்களும் நமது காதுகளுக்குப் புதியவை அல்ல. ஒரே ஆளின் படத்துக்குக் கீழே முதலில் ஒன்றையும் பின்னர் மற்றதையும் எழுதிப் பார்த்த மக்கள் நாம். ஆகவே நான் இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

தியாகி என்ற சொல்லும் முழுவதையும் அடக்காது. 1939 இலே போலந்துப் படையெடுப்பில் பங்குகொண்ட இதே ஸ்டவுபன்பேர்க் மனைவிக்கு எழுதிய கடிதத்திலே, அந்நாட்டு மக்களையும் அங்கிருந்த யூதர்களையும் மிக இழிவாக எழுதியிருக்கிறார். ஆரம்ப காலத்தில் ஹிட்லரின் எழுச்சியை வரவேற்றவர்களுள் அவரும் ஒருவர். பின்னர் கிழக்கு முனையிலே நடந்த கொலைகளை அறிந்து மாறியவர். இதனை மாணவருக்குச் சொன்னபோது சிலருடைய முகம் சுருங்கியது. வீரன் ஒருவனைக் கொடுத்துவிட்டுத் திரும்பப் பறித்த ஆசிரியனாக என்னை அவர்கள் பார்த்தார்கள். அந்த நேரத்தில் அவர்களுடைய முகத்தில் இருந்த மெய்ப்பாட்டை அடையாளம் காண எனக்கு எந்தக் குறிப்பும் தேவைப்படவில்லை!

குறிப்பிலே பெயரே பிழைத்துப்போன சந்தர்ப்பமும் உண்டு. அது ஜேர்மன் இராணுவப் படங்களைப் பற்றியதே. 1995 மார்ச்சிலே ஹம்பேர்க் சமூக ஆய்வு நிறுவனம் ஒரு கண்காட்சியைத் தொடங்கியது. கொலைகளைச் செய்தவர்கள் எஸ்.எஸ். படையினர் மட்டுமே, சாதாரண இராணுவம் கைகறைபடாதது என்று ஜேர்மானியர் ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்த கதையை அது உடைத்தது. கிழக்கு ஐரோப்பாவிலும் பால்கனிலும் தரைப்படையினரே யூதர்களையும் பொதுமக்களையும் கொன்றதற்குச் சான்றாகப் படங்களும் ஆவணங்களும் சுவரிலே தொங்கின. அவற்றுள் பல, படையினர் தாமே எடுத்துச் சட்டைப்பையில் வைத்திருந்த படங்கள். நகரம் நகரமாகச் சென்ற அக்கண்காட்சியை இலட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். தமது தந்தையையோ பாட்டனையோ தேடிப் பார்த்தவர்கள் அவர்களுள் அநேகர். எதிர்த்து ஊர்வலம் போனவர்களும் உண்டு.

1999 இலே போலந்து, ஹங்கேரி நாட்டவரான வரலாற்றாசிரியர் இருவர், சில படங்களின் குறிப்புகள் தவறு என்று காட்டினார்கள். உக்ரேனின் டார்னோபோல் போன்ற இடங்களிலே எடுக்கப்பட்ட படங்களிற் கிடந்த உடல்களுட் சில ஜேர்மானியர் கொன்றவர்களுடையவை அல்ல. ஜேர்மன் படை வருவதற்குச் சற்றுமுன் சோவியத் இரகசியப் பொலிசார் சிறைகளிலே கொன்றுவிட்டுப் போனவர்களுடையவை. படத்திலே நிற்கும் படையினர் ஜேர்மானியர், கிடக்கும் பிணங்களுக்குப் பொறுப்பு வேறொருவர். 1999 நவம்பரிலே கண்காட்சி நிறுத்தப்பட்டது. வரலாற்றாசிரியர் குழு ஒன்று ஒவ்வொரு படமாகப் பரிசோதித்து மறு ஆண்டிலே அறிக்கை கொடுத்தது. 1,433 படங்களுள் அக்கண்காட்சியிலே இடம்பெறத் தகாதவை இருபதுக்கும் குறைவு. கண்காட்சியின் அடிப்படை வாதம் சரியானதே. ஆனால் படங்களைக் கையாண்டதிலே கவனக்குறைவு இருந்தது. 2001 இலே புதிதாக அமைக்கப்பட்ட கண்காட்சியில் படங்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்து, எழுத்து ஆவணங்களே மிகுந்திருந்தன.

இருபது படங்கள்தானே என்று தள்ளிவிடலாமா? கொலையுண்டவர்களின் உறவினர் யாரேனும் அந்தப் படத்தின் முன் வந்து நின்றிருந்தால்? தமது தகப்பனைக் கொன்றவன் யார் என்பதைச் சுவரிலுள்ள ஒரு வரி மாற்றிச் சொல்லுகிறது. மறுபுறத்திலே, உண்மையை ஒப்புக்கொள்ள விரும்பாதவர்களுக்கு அந்த இருபதும் போதுமாக இருந்தன. மிகுதி 1,400 ஐயும் பார்க்காமல் விட அவர்களுக்கு நியாயம் கிடைத்தது. பாடபேதம் ஒன்றைக் கவனியாமல் விட்ட பதிப்பாசிரியனுக்கு வருவதைக் காட்டிலும் பெரிய பழி, படக்குறிப்பைப் பரிசோதியாமல் எழுதியவனுக்கு வரும்.

மீண்டும் நமது படத்துக்கு வருகிறேன். அடுத்த நாள் அந்தப் பையன், வெயிலில் களைத்தவரைக் கண்டவன், ஆசிரியர் அறை வாசலிலே வந்து நின்றான். கையிலே போட்டோக் கொப்பி.

“சேர், எல்லாரும் ஓரத்தில நிக்கிறவரைத்தான் பாத்தம். நடுவில ஹிட்லரின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறவர் ஆர்?”

நான் நூலை எடுத்துக் குறிப்பைப் பார்த்தேன். ஸ்டவுபன்பேர்க், ஹிட்லர், கைட்டல் என மூன்று பெயர்களே அங்கிருந்தன. பல நூல்களிலும் இப்படத்துக்கு அந்த மூன்று பெயர்களோடுதான் நிறுத்திக்கொள்வார்கள். படத்தின் நட்டநடுவே நின்று, அதன் ஒரே செயலைச் செய்துகொண்டிருப்பவருக்குக் குறிப்பிலே இடமில்லை. அவர் கார்ல் போடன்ஷாட்ஸ். விமானப்படைத் தளபதி. கோரிங்கின் சார்பிலே ஹிட்லரின் தலைமையகத்திலே இருந்தவர். முதலாம் உலக யுத்தத்திலே புகழ்பெற்ற ரிச்ட்ஹோஃபனின் விமானப் படைப்பிரிவிலே உதவியலுவலராகக் கடமையாற்றியவர். ஐந்து நாட்களின் பின் அந்த மரக் கொட்டகையிலே அவரும் இருந்தார். குண்டு அவரைப் படுகாயப்படுத்தியது. படத்திலே பின்னால் நிற்கும் கடற்படை அதிகாரி புட்காமரும் காயமடைந்தார். கைட்டலுக்குச் சிறு காயம். கைட்டல் பின்னர் 1945 மேயில் பேர்ளினிலே சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டு, 1946 ஒக்டோபர் 16 இல் நூரம்பேர்க்கிலே தூக்கிலிடப்பட்டார். போடன்ஷாட்ஸ் அதே நூரம்பேர்க் நீதிமன்றத்திலே 1946 மார்ச்சில் கோரிங்குக்காகச் சாட்சி சொன்னார். 1979 வரை வாழ்ந்தார்.

இவற்றைச் சொன்னேன். பையன் பெயர்களைக் கொப்பியின் பின்புறத்திலே இடமிருந்து வலமாக எழுதிக்கொண்டான். எழுதி முடித்துவிட்டு, “செத்த நாலு பேரும் இந்தப் படத்தில இல்லையோ சேர்?” என்று கேட்டான்.

பெயர் சொல்லப்படுபவர்களுள் அவர்கள் இல்லை. ஷ்முண்ட், கோர்ட்டன் என்ற தளபதிகள் இருவர். பிராண்ட் என்ற கேணல், அந்தப் பையை மேசைக்காலுக்கு அப்பால் நகர்த்தியவர் என்று சொல்லப்படுபவர். நான்காமவர் ஹைன்ரிக் பேர்கர். அவர் இராணுவ அதிகாரி அல்லர். கூட்டத்திலே மற்றவர்கள் பேசியதைச் சுருக்கெழுத்தில் எழுதிக்கொள்ள அமர்த்தப்பட்டவர். இரண்டு கால்களையும் இழந்து அன்றே இறந்தார்.

“எழுதுறவரோ?” என்றான் பையன்.

“ஓம் தம்பி. எழுதுபவர்.”

அந்தப் பெயரையும் எழுதிக்கொண்டான். படத்தின் பின்புறத்திலே, மற்றப் பெயர்களிலிருந்து சிறிது இடைவெளி விட்டு.